ஏழு கோல் விட்ட வருசம்

பன்னெண்டாவது வாளியை இழுத்துக் குடத்துக்குள்ள ஊத்தக்குள்ளதான் கயிறு றமீஸாட கையை உரிக்கத் தொடங்கினது. அதுவரைக்கும் கை நல்லாத்தான் இருந்தது. கிணத்தடிக்கும் மௌத்தான வாப்பாட உடம்பைக் குளிப்பாட்டுற இடத்துக்கும் நடுவுல கயிறு கட்டி, உம்மாட மூணு சீலையைத் தொங்கவிட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் ஆம்பிளைகள். இந்தப் பக்கம் அவள் மட்டும். சீலைக்குக் கீழால ஒரு கை வந்து நிறைஞ்ச குடத்தை இழுத்து எடுக்கும், வெறுங்குடத்தைத் தள்ளிவிடும். எந்தக் கை யாருட கையெண்டு அவளுக்குத் தெரியேல்ல. குரல் மட்டும் தெரிஞ்சது.

"காலை விடுங்க மச்சான். கோச்சிட காலை நான்தான் கழுவுவன்."

அது மர்சூக் காக்கா, வாப்பாக்கிட்டப் பந்தடிக்கப் பழகினவர்.

"இருந்த இடத்துல இரு மர்சூக். சறுக்கும்," எண்டார் மஜீட் மாமா, உம்மாட தம்பி.

"இருந்துக்கிட்டுத்தானே கேக்கன். ஸ்டூலை இங்கால இழுத்து விடுங்க. இந்தக் காலுட அருமை உங்களுக்குத் தெரியாது. கோணர் அடிச்சாப் பந்து ஒருத்தர்லயும் படாம நேரா கோலுக்குள்ள போகும்."

"அது காத்து அடிச்ச நாள்."

"காத்தெண்டு நீங்க சொல்லுங்க. உங்களைத்தானே கோச் அண்டைக்கு ஆட விடாம வெளிய இருத்தி வெச்சவர்."

யாரோ மூக்கால சிரிச்சாங்க. மையித்துக்குப் பக்கத்துல நிக்கிறமெண்டு மறுகா நினைவு வந்திருக்கும், சத்தம் நிண்டிட்டுது. தண்ணி ஊத்துற சத்தம் மட்டும் கேட்டது. றமீஸா கயித்தைக் கையில சுத்திக்கிட்டு அப்பிடியே நிண்டாள். அந்தக் காலைக் கழுவுற ஆளுக்கிட்டத்தான் அவள் இண்டைக்கு ஒரு விசயம் சொல்லோணும். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முந்திச் சொல்லோணும். சொன்னா என்ன நடக்குமெண்டு தெரியா. சொல்லாம விட்டா என்ன நடக்குமெண்டு தெரியும், அதுதான் அதைவிடப் பயம்.

வாப்பாவை ஏறாவூருல ஒருத்தரும் ஹலீம் எண்டு கூப்பிட்டதில்ல. கோச் எண்டுதான். விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மோதினார் பள்ளிவாசல்ல அறிவிக்கக்குள்ளயும் "கோச் ஹலீம் மௌத்து" எண்டுதான் சொன்னார். மூணு நாளா நெஞ்சு வலி. டவுனுக்குக் கொண்டு போவமெண்டா றோட்டு மூடி. சந்தியில என்னவோ வெடிச்சதெண்டு ஒரு பஸ்ஸும் விடேல்ல. இண்டைக்கு விடியத்தான் திறந்தாங்க. முதல் பஸ் ஹோர்ன் அடிச்சிக்கிட்டுப் போகக்குள்ள வாப்பா கண்ணைத் திறந்து, "பஸ் ஓடுது போல" எண்டார். மறுகா கலிமாச் சொன்னார். அவ்வளவுதான்.

அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால வந்த பஸ்ஸுல மாமா ஓடிப்போய் கொண்டக்டர்கிட்டச் சொல்லிவிட்டார், தமிழாக்கள்ட ஊர் நாவற்குடாவுல இருக்கிற வாப்பாட பழைய ஆட்டக்காரன் சீனித்தம்பிக்கு அறிவிக்கச் சொல்லி. வருவாரோ மாட்டாரோ தெரியா. நாலு மணிக்குத் திரும்பவும் ஊரடங்கு எண்டு ஜீப்புல சொல்லிக்கிட்டுப் போனாங்க. அதனால பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் மையித்தை வெச்சிருக்க ஏலாது, லுஹரோட எடுக்கிறதெண்டு முடிவு.

நேத்து அஸருக்குப் பிறகுதான் வாப்பா அவளைக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்து புள்ள. உம்மா எங்க?"

"குசினிக்குள்ள கஞ்சி வைக்கிறா."

"அவக்குச் சொல்லாத." கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். "மர்சூக்குக்குக் கடிதம் வந்திச்சி."

"எப்ப வாப்பா?"

"எம்பத்திமூணுல."

றமீஸாவுக்குக் காய்ச்சல்ல கதைக்கார் எண்டுதான் நினைப்பு வந்தது. ஆனா அவர் ஒரு சொல்லும் தடுமாறாமச் சொன்னார். மாலைதீவுல ஸீ ஸ்டார் ஃபுட்போல் கிளப்புல அந்தக் காலம் அவர்தான் கோச், அவர்தான் ஜெனரல் மேனேஜர். ஒரு வருசத்துக்கு ஒரேயொரு வெளிநாட்டு ஆள்தான் எடுக்கலாம். அவர்தான் மர்சூக்கை எடுப்பமெண்டு முதலாளிட்டச் சொல்லி, முதலாளி மர்சூக்குட பேரைப் போட்டுக் கையெழுத்து வெச்ச கடிதத்தைப் பெட்டிக்குள்ள வெச்சிக்கிட்டுத்தான் லீவுல ஊருக்கு வந்தார். வந்த ரெண்டாம் நாள் மட்டக்களப்பு டவுனுல ஒரு மெச் பாக்கப் போனார். நாவற்குடாப் பொடியன் சீனித்தம்பி கோலுக்குள்ள நிண்டு ரெண்டு பெனல்டி பிடிச்சான். வாப்பா பெட்டியில இருந்த கடிதத்தை வெளிய எடுக்கவே இல்ல. தந்தி அடிச்சிப் பேரை மாத்தினார்.

"மர்சூக்குக்கு என்ன சொன்னீங்க வாப்பா?"

வாப்பா முகட்டைப் பாத்தார். "கிளப்காரங்க வேணாமெண்டுட்டாங்க எண்டன். ஆள் சின்னன், உசரம் காணாது எண்டு சொன்னாங்க எண்டன். அவன்ட முகத்தைப் பாத்து, நான்தான் உன்னை விட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. இண்டைக்கு வரைக்கும் வரல்ல."

வெளிய உம்மா கரண்டியைப் பானையில தட்டின சத்தம் கேட்டது.

"அவன் அங்க போயிருந்தா இங்க வந்து மிதிச்சிருப்பானா," எண்டார் வாப்பா. மர்சூக் காக்காட கால் தொண்ணூத்தொண்டுல வயல் வட்டைக்குப் போற வழியில மிதிவெடியில போனது. "அவனுக்கிட்டப் பொருத்தம் கேக்கோணும் புள்ள, என்னை மன்னிக்கச் சொல்லி. அந்திக்கு வருவான், நானே கேக்கன். நான் கேக்காட்டி நீ கேளு. தெரிஞ்சிக்கிட்டுப் பொருந்தோணும். தெரியாமச் சொன்னா அது பொருத்தமில்ல."

அந்திக்கு மர்சூக் காக்கா வந்தார். ஒவ்வொரு நாளும் சைக்கிள் கடையைப் பூட்டிப்போட்டு வாறவர்தானே. கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். றமீஸா கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கிட்டிருந்தாள். அரை மணித்தியாலம் ரெண்டு பேரும் ஓஃப்சைட்டைப் பத்திக் கதைச்சாங்க.

வாப்பாட கதைகள் எல்லாம் அவளுக்குப் பாடம். ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு. அந்தியானா பாய்ல புளியங்கொட்டையைப் பரப்பி டீம் வைப்பார், கோல் கீப்பருக்கு மட்டும் ஒரு கொட்டைப்பாக்கு. "இது திரும்பினா அது எங்க போகோணும்?" எண்டு கேப்பார். றமீஸா விரலால தள்ளிக் காட்டுவாள். பிழையா வெச்சா ஏச மாட்டார். "அப்பிடியும் ஆடலாம், தோக்கோணுமெண்டா," எண்டுவார்.

மாலைதீவுல மாலே மைதானம் கடலோட ஒட்டினதாம். யாராவது ஓங்கி அடிச்சாப் பந்து நேரா கடலுக்குள்ள. அதை எடுக்கவெண்டே ஒரு மனிசன் தோணியோட கரையில நிப்பாராம், வயசாளி, அவசரமே படமாட்டாராம். அந்தாள் துடுப்புப் போட்டுப் போய்ப் பந்தை எடுத்துக்கிட்டு வாற வரைக்கும் வாப்பா ஆக்களைக் கூப்பிட்டு வெச்சிச் சொல்லிக் குடுப்பார். "என்ட கோச்சிங்குல பாதி பந்து கடலுக்குள்ள கிடக்கக்குள்ளதான் நடந்தது," எண்டு சொல்லிச் சிரிப்பார். மேனேஜராக்கின மறுகாதான் பொல்லாப்பு. பூட்ஸ் வாங்குறது, டிக்கெட் போடுறது, அரிசி மூட்டை, எவனுக்குப் பல்லு வலி, எவன்ட உம்மாவுக்குச் சுகமில்ல, எல்லாம் அவர் தலையில. ஒருக்கா பூட்ஸ் வாங்கக் கொழும்புக்கு வரக்குள்ள ஒவ்வொராளுட காலையும் பேப்பர்ல வெச்சிக் கீறி வெட்டிக் கொண்டு வந்தார். எயார்போட்டுல பெட்டியைத் திறந்த ஒஃபிசர் முப்பத்தாறு கடதாசிக் காலை எடுத்து மேசையில அடுக்கி வெச்சிட்டு, "இதென்ன?" எண்டு கேட்டானாம். "இதுதான் சேர் என்ட டீம்," எண்டாராம் வாப்பா.

ஊருக்குத் திரும்பி வந்து வாவிக் கரையில ஒரு டீம் சேத்தார். ஏறாவூர்ப் பொடியன்களும் இருந்தாங்க, அங்கால தமிழ்ப் பொடியன்களும் இருந்தாங்க. தொண்ணூறுல நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த டீம் இல்ல. ஆமிக்காரங்க மைதானத்துல மண்மூட்டை அடுக்கி, கம்பி போட்டுட்டாங்க. ஆனாலும் வாப்பா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து, பழைய கலண்டர் தாள்ட பின்பக்கத்துல பதினொரு பேரை எழுதுவார். இல்லாத பேர்களை விட்டுட்டு எழுதுவார். ஊரை விட்டுப் போனாக்கள், மௌத்தானாக்கள், எங்கயெண்டே தெரியாத ஆக்கள். ஆனா இடது ஓரத்துல ஆடுற லெஃப்ட் அவுட்டுக்கு மட்டும் எப்பவும் மர்சூக்.

"அவருக்குக் காலில்லையே வாப்பா," எண்டு ஒருக்கா அவள் கேட்டாள். அப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு.

"எனக்கு மைதானமும் இல்லையே," எண்டார் வாப்பா.

அப்ப அது அவளுக்குப் பகிடியாத்தான் தெரிஞ்சது.

மர்சூக் காக்காவும் அப்பிடித்தான், எல்லாத்தையும் பகிடியாக்கிற ஆள். மேல் தட்டுல ஒரு போத்தலை எடுக்கச் சொன்னாலும் "நான் ஆள் சின்னன், வேற ஆளைப் பாருங்க" எண்டுவார். கதவு நிலையில குனியாமப் போயிட்டு, "சின்னாளுக்கு உள்ள நயம்" எண்டுவார். அவர் அதைச் சொல்லுற நேரமெல்லாம் வாப்பா சிரிக்காம இருந்தது ஏனெண்டு நேத்துத்தான் அவளுக்கு விளங்கினது.

சீலைக்கு அந்தப் பக்கம் "தூக்குங்க, மெல்ல, மெல்ல" எண்டார் மாமா. கனக்கக் கால்கள் ஒண்டா நகந்து வீட்டுக்குள்ள போச்சி. கபன் துணி போட வாப்பாவை உள்ளுக்குக் கொண்டு போறாங்க. சீலைக்குக் கீழால ஒரு கால் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. ஒரு காலும், கக்கத்துல வைக்கிற தடிட நுனியும். நுனியில சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடிச்சிருந்தது.

"யாரு அங்கால? றமீஸாவா?"

"ஓம் காக்கா."

"ஒத்தையாவா இவ்வளவு தண்ணியும் இழுத்த? கை உரிஞ்சிருக்கும். போ, தேங்காயெண்ணெய் பூசு."

அவள் போகேல்ல. ஒரு வாளியை இழுத்து இந்த மனிசன்ட தலையில ஊத்திப்போட்டு ஓடிரலாம் போல இருந்தது.

"காக்கா."

"சொல்லு."

"வாப்பா உங்களுக்கிட்டப் பொருத்தம் கேக்கச் சொன்னார்."

"எனக்கிட்டயா?" மர்சூக் காக்காட குரல்ல சிரிப்பு இருந்தது, அழுது ஓஞ்ச ஆளுட சிரிப்பு. "எனக்கும் கோச்சுக்கும் என்ன இரிக்கி? ஒருக்காப் பந்தால மூக்கை உடைச்சார், அதா? பொருந்திட்டன் புள்ள. எல்லாத்துக்கும் பொருந்திட்டன். அந்த மனிசன் இல்லாட்டி நான் ஒரு பந்தைத் தொட்டிருப்பனா."

அவ்வளவுதான். சொல்லிட்டார். 'பொருந்திட்டன்' எண்டு வாயால சொல்லிட்டார். றமீஸா கிணத்துக் கட்டைப் பிடிச்சிக்கிட்டாள். இதோட விட்டுட்டு உள்ள போயிரலாம். வாப்பாட பேரும் கெடாது, இந்த மனிசன்ட மனசும் கெடாது, உம்மாவுக்கும் தெரிய வராது. ஒராளுக்கும் ஒண்டும் ஆகாது. தலைக்கு மேல ஹெலி ஒண்டு வாவிப் பக்கமாச் சுத்திப் போச்சி. அந்தச் சத்தம் அடங்கும்வரைக்கும் அவளுக்கு நேரம் கிடைச்சது.

தெரிஞ்சிக்கிட்டுப் பொருந்தோணும் எண்டுதானே வாப்பா சொன்னார்.

"காக்கா, எம்பத்திமூணுல உங்களுக்குக் கடிதம் வந்ததாம். உங்கட பேர் போட்டு, கையெழுத்தும் வெச்சி. வாப்பாதான் அதைக் குடுக்கேல்லயாம். வாப்பாதான் உங்களை விட்டுட்டு சீனித்தம்பி மாமாவை எடுத்தவராம். கிளப்காரங்க ஒண்டும் சொல்லேல்லயாம்."

எல்லாத்தையும் ஒரே மூச்சில சொல்லிட்டாள். சொல்லி முடிச்ச மறுகாதான் எவ்வளவு சத்தமாச் சொன்னாளெண்டு பயம் வந்தது. கிறுகிக் குசினிப் பக்கம் பாத்தாள். ஒருத்தரும் இல்ல.

சீலைக்குக் கீழால அந்தக் கால் அசையேல்ல.

"முழுப்பேரா எழுதியிருந்ததாம்?"

"தெரியா காக்கா. கேக்கேல்ல."

"ம்."

உள்ளுக்கு யாஸீன் ஓதுற சத்தம் தொடங்கினது.

"அப்ப அவங்க என்னை ஆள் சின்னன் எண்டு சொல்லேல்ல."

"இல்ல காக்கா."

"ஒருத்தரும் சொல்லேல்ல?"

"ஒருத்தரும் சொல்லேல்ல."

தடிட நுனி மண்ணுல ஒருக்காக் கிறுகினது. "நான் மாங்கொப்புல தொங்கினன், தெரியுமா உனக்கு? சுபஹு தொழுதிட்டு வந்து ஒவ்வொரு நாளும் தொங்குவன், உயருவன் எண்டு. ஆறு மாசம். உம்மா வந்து கேப்பா, வௌவாலுக்குப் பிறந்தவனா நீ எண்டு. அப்ப எனக்கு இருவது வயசு. இருவது வயசில ஆரும் உயருவானா?"

அவர் காலைப் பத்திக் கேப்பார், காலைப் பத்திக் கேப்பார் எண்டு பாத்துக்கிட்டிருந்தாள். அவர் கேக்கேல்ல. அது அவளுக்கு இன்னும் பயமா இருந்தது.

"சீனி போக முந்தின வருசம் அந்த டீம் எத்தின கோல் வாங்கினது?"

அவளுக்கு முதல்ல விளங்கேல்ல. மறுகா விளங்கினது. அது அவளுக்குத் தூக்கத்துலயும் தெரியும். "இருவத்தொம்பது."

"எத்தின மெச்?"

"பதினாலு."

"சீனி போன வருசம்?"

"அதுவும் பதினாலு. ஏழு கோல்."

"இருவத்தொம்பது," எண்டு தனக்குள்ளயே சொல்லிப் பாத்தார். "இருவத்தொம்பது விட்ட டீமுக்கு லெஃப்ட் அவுட் எடுக்கிறவன் விசரன். நானா இருந்தாலும் அவனைத்தான் எடுத்திருப்பன்."

"அப்ப பொருந்திட்டீங்களா காக்கா?"

"ஆளை எடுத்ததுக்கு என்னத்துக்கு புள்ள பொருத்தம்? அது அவர்ட வேலை."

"மத்ததுக்கு? பொய் சொன்னதுக்கு?"

தடி மண்ணுல குத்திக் குத்தி அங்கால போற சத்தம்தான் கேட்டது.

அறைக்குள்ள பொம்புளைகள் நெருங்கி இருந்தாங்க. உம்மா வெள்ளைச் சீலை உடுத்திக்கிட்டு மூலையில இருந்தா. இண்டையில இருந்து அவவுக்கு இத்தா, நாலு மாசமும் பத்து நாளும் பிற ஆம்பிளைகள்ட முகத்துல முழிக்கேலாது. பக்கத்து வீட்டுக் கைறுன்னிஸா மாமி அவவுக்கு விசிறிக்கிட்டிருந்தா.

"கிணத்தடியில யாரோடகா கதைச்ச?" எண்டு உம்மா கேட்டா.

"மர்சூக் காக்காவோட."

"என்ன கதை?"

"மாலேக் கதை உம்மா."

உம்மா மூக்கைச் சீலைத் தலைப்பால துடைச்சா. "உன்ட வாப்பாட ஆக்களுக்கு வேற கதை தெரியுமா," எண்டா.

முகம் பாத்து முடிய வாப்பாவைச் சந்தூக்குப் பெட்டியில வெச்சி வீட்டு முத்தத்துக்குக் கொண்டு போனாங்க. றமீஸா ஜன்னல் சீலையை ஒரு விரலளவுக்கு விலக்கிக்கிட்டு நிண்டாள். மையித்து எடுக்க முந்தி வீட்டாளுகள்ல ஒராள் சபையிட்டப் பொருத்தம் கேக்கோணும். மஜீட் மாமா முன்னுக்கு வந்து தொப்பியைச் சரிப்பண்ணினார்.

"இந்த மையித்தால உங்கள்ல ஆருக்கும் ஒரு மனவருத்தம், ஒரு பொல்லாப்பு இருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க."

"பொருந்திட்டம், பொருந்திட்டம்," எண்டு முத்தம் முழுக்கக் கேட்டது.

அத்தின குரல்லயும் ஒரு குரலைத் தேடினாள் றமீஸா. ஆரோ கட்டைக் குரல்ல சொன்னாங்க, அது அவர்ட குரல் போலயும் இருந்தது, இல்லாத போலயும் இருந்தது. மாதாளை மரத்தடியில தடியை ஊண்டிக்கிட்டு நிண்ட மர்சூக் காக்காட முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிஞ்சது.

அந்த நேரம்தான் வேலிக் கடப்படியில ஒரு சைக்கிள் வந்து நிண்டது. நெடிய மனிசன், வெள்ளைச் சேட்டு முதுகோட ஒட்டிப்போய் இருந்தது. சைக்கிளைப் பிடிச்சிக்கிட்டு உள்ள வரலாமோ கூடாதோ எண்டு நிண்டார். இளம் பொடியன்கள் சில பேர் ஒராளை ஒராள் பாத்தாங்க. அஞ்சு வருசமா நாவற்குடாவுல இருந்து ஒருத்தர் இந்த வளவுக்குள்ள காலெடுத்து வெச்சதில்ல. ஆரெண்டு றமீஸாவுக்கு விளங்கினது. இவர் இப்பவா வரோணும். இவ்வளவு நேரமும் அடக்கிக்கிட்டிருந்த மனிசனுக்கு முன்னால.

மர்சூக் காக்கா தடியைக் குத்திக் குத்திக் கடப்படிக்குப் போனார். அந்த நெடிய மனிசனை அண்ணாந்து பாத்தார்.

"வாடா சீனி."

"மூண்டு இடத்துல மறிச்சிப்போட்டாங்கள் மர்சூக்," எண்டார் சீனித்தம்பி. "ஆமிக்காரன் ஐடென்டி கார்டைப் பாக்கிறான், என்னைப் பாக்கிறான், திருப்பியும் ஐடென்டியைப் பாக்கிறான். எங்க போறாயெண்டு கேக்கிறான். செத்த வீட்டுக்கெண்டா நம்புறானில்ல. முகம் பாக்கேலுமா?"

"மூடிட்டாங்க. மச்சான், கொஞ்சம் விலக்கிக் காட்டுங்க இவனுக்கு."

"ஆரு காக்கா இது?" எண்டான் ஒரு பொடியன்.

றமீஸா சீலையை இறுக்கிப் பிடிச்சாள்.

"மாலேயில கோச்சிட கோல் கீப்பர்," எண்டார். "ஒரு வருசம் முழுக்க ஏழு கோல்தான் விட்டவன்."

"எட்டு," எண்டார் சீனித்தம்பி, முகத்தைத் துடைச்சிக்கிட்டே. "ஒண்டை றெஃப்ரி ஓஃப்சைட் எண்டு கணக்கில சேக்கேல்ல."

"அப்ப ஏழுதான்."

"உனக்கு ஆர் சொன்னது இதெல்லாம்?"

"ஒராள் சொல்லித்தான் தெரியும்," எண்டார் மர்சூக் காக்கா. ஜன்னல் பக்கம் திரும்பேல்ல.

சந்தூக் எழும்பினது. கலிமாச் சொல்லிக்கிட்டு ஆம்பிளைகள் கடப்பைத் தாண்டினாங்க. தோள் மாத்தி மாத்தி வேகமாப் போனாங்க, மர்சூக் காக்கா பின்னுக்கு விழுந்திட்டார். சீனித்தம்பி சைக்கிளை வேலியில சாத்திப்போட்டு அவருக்குப் பக்கத்துல மெல்ல நடந்தார். றோட்டு வளைவுல ரெண்டு தலையும் மறைஞ்சது, ஒண்டு உசரம், ஒண்டு கட்டை.

மறுகா வீடு வெறிச்சோடிப் போச்சி. பொம்புளைகள் ஓதிக்கிட்டிருந்தாங்க. ட்ரக் ஒண்டு றோட்டால போக எல்லாரும் ஓதுறதை நிப்பாட்டிக் காது குடுத்தாங்க, அது நிக்காமப் போன மறுகா விட்ட இடத்துல இருந்து தொடங்கினாங்க. குளிப்பாட்டின இடத்துல தண்ணி வத்தி, ஸ்டூல் தனிய நிண்டது. றமீஸா போய்ச் சீலைகளைக் கயித்துல இருந்து இழுத்தாள். ஈரமா இருந்தது. அதை மடிக்கவும் தெரியாம, கீழ வைக்கவும் தெரியாம மடியில வெச்சிக்கிட்டுக் கிணத்துக் கட்டுல இருந்தாள். வாப்பாவை இப்ப இறக்கியிருப்பாங்களோ. அந்த மனிசன் போகாம வழியில திரும்பியிருந்தா? சீனித்தம்பிட்ட எல்லாத்தையும் சொல்லியிருந்தா? நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவர் சந்தோசமா மண்ணுப் போட்டிருப்பார். இப்ப போடாம நிண்டா, அது என்னாலதானே.

இந்தப் பயத்தை அவள் இண்டுவரைக்கும் ஒராளுக்கும் சொன்னதில்ல.

"வாறாங்க," எண்டா கைறுன்னிஸா மாமி ஜன்னல்ல இருந்து.

றமீஸா ஓடிப்போய் அவவுக்குப் பக்கத்துல நிண்டாள். ஆம்பிளைகள் ரெண்டு மூணு பேராத் திரும்பி வந்துக்கிட்டிருந்தாங்க. மாமா வந்தார். தொழுவிச்ச லெப்பை வந்தார். எல்லாருக்கும் பின்னால, கனக்கப் பின்னால, அவங்க ரெண்டு பேரும் வந்தாங்க. சீனித்தம்பி வேலியில சாத்தின சைக்கிளை எடுத்தார். ரெண்டு பேரும் என்னவோ கதைச்சாங்க, கேக்கேல்ல. மறுகா மர்சூக் காக்கா கடைப்பக்கமாத் திரும்பினார்.

"அல்லாஹ்வே, மர்சூக் விழுந்திட்டான் போல," எண்டா மாமி. "சாறன்ட பின்பக்கத்தைப் பாரு, எல்லாம் மண்."

உம்மா மூலையில இருந்து, "விழுந்தானா? எங்க?" எண்டு கேட்டா.

றமீஸா பாத்தாள். சாறன்ட பின்பக்கமெல்லாம் ஈர மண் அப்பியிருந்தது. வலக்கை முழங்கை வரைக்கும் மண். மத்தாக்கள் கபுறுக் குழியடியில நிண்ட வாக்குல குனிஞ்சி மூணு பிடி மண் அள்ளிப் போட்டிருப்பாங்க. ஒரு காலோட குனியேலாது. தடியை அங்கால வெச்சிட்டு, நிலத்துல குந்தியிருந்துதான் போடோணும். அப்பிடி இருந்தா மறுகா ஒராள் தூக்கித்தான் விடோணும்.

"விழல்ல உம்மா," எண்டாள். "நிலத்துல இருந்திருக்கார்."

சீனித்தம்பி சைக்கிளில ஏறினார். வெயில் நேரா அவர்ட முதுகுல அடிச்சது. வெள்ளைச் சேட்டுட இடது தோளுல ஒரு கை, அஞ்சு விரலும் தெரிய, மண்ணாப் பதிஞ்சிருந்தது. அவருக்கு அது தெரியா. ஊரடங்குக்கு முந்தி ஊர் போய்ச் சேர, வேகமா மிதிச்சிக்கிட்டுப் போனார்.